கசிவின் வரலாறு

தமிழ் கற்பிக்கும் நமக்குக் கணினியின் வயிற்றுக்குள் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வேலை தானாகவே வந்து சேர்ந்தது. சென்ற கோடையில் ஒரு பிற்பகல், மேசையடியில் இருந்த கணினி சட்டென்று அணைந்தது. மீண்டும் இயக்கினோம். இரண்டு நிமிடத்தில் மீண்டும் அணைந்தது. மூன்றாம் முறை இயக்கியபோது பெட்டியின் பக்கத்தைத் தொட்டுப் பார்த்த விரலில் ஈரம் பட்டது.

அது கடையில் வாங்கும் வகைக் கணினி அன்று. தமக்கை மகன் பொறியியல் படித்த நாளில் தன் கையால் கோத்தது. செயலியின் தலைமேல் செப்புக் கட்டை ஒன்றைப் பதித்து, அதற்குள் குழாய் வழியே நீரை ஓடவிட்டு, வெப்பத்தைச் சுமந்து வரும் அந்நீரை விசிறி பூட்டிய ரேடியேட்டரில் ஆறவைத்து, மறுபடியும் செலுத்தும் ஏற்பாடு. வேலை கிடைத்து அயல்நாடு புறப்பட்டபோது, "மாமா, இத நீங்களே வெச்சுக்குங்க. வருஷத்துக்கு ஒருவாட்டி தண்ணிய மாத்துனாப் போதும்" என்று சொல்லிச் சென்றான். நாம் மூன்றாண்டுகள் மாற்றவில்லை. மோட்டார் வண்டிக்கு எண்ணெய் மாற்றுவதை மறக்காத நாம் இதை ஏன் மறந்தோம் என்பதற்கு விடை எளிது. வண்டி சத்தம் போடும். இது போடாது. அதனாலேயே அதை விரும்பினோம்.

ஈரம் நம்மை ஏன் அவ்வளவு அஞ்சவைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அக்கணினியின் ஹார்ட் டிஸ்கில் பழைய சிற்றிதழ்களின் ஏறத்தாழ நாலாயிரம் பக்கங்களை வருடி வைத்திருந்தோம். அசல் இதழ்களை இரவல் தந்த பெரியவர் காலமாகிவிட்டார். திருப்பிக் கொடுத்த கட்டுகளை அவர் வீட்டுப் பரணில் கரையான் தின்றுவிட்டதென்று பின்னர் அறிந்தோம். நகல் எடுக்க வேண்டும் எடுக்க வேண்டும் என்று எண்ணியதோடு சரி.

மின்சாரத்துக்குப் பக்கத்தில் நீரை வைக்கும் துணிவு மனிதனுக்கு எப்படி வந்தது? இந்தக் கேள்வியைப் பற்றிக்கொண்டு படிக்கப் போனதில்தான் இக்கட்டுரை பிறந்தது.

1946-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்களும் 150 கிலோவாட் மின்பசியும் உடையது. அவ்வளவு மின்சாரமும் முடிவில் வெப்பமாகத்தான் வெளிவர வேண்டும். பெரிய ஊதுவிசிறிகளைக் கொண்டு காற்றால் அதை ஆற்றினர். டிரான்சிஸ்டர் வந்ததும் வெப்பச் சிக்கல் தீர்ந்ததென்று சிலர் எண்ணியிருக்கலாம். உண்மையில் அது இடம் மாறியது. மண்டபம் முழுதும் பரவிக் கிடந்த வெப்பம் விரல்நகத்தளவு சில்லுகளில் வந்து குவிந்தது. காற்று மெலிந்த பொருள். ஒரே கன அளவில், ஒரே வெப்பநிலை உயர்வுக்கு, நீர் காற்றைவிடச் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தைத் தாங்கிச் செல்லும். இந்தக் கணக்கின் முன்னால் பொறியாளர்களின் அச்சம் நெடுநாள் நிற்கவில்லை. 1960-களில் ஐ.பி.எம். தன் சிஸ்டம்/360 வரிசையின் 91-ஆம் மாதிரியில், பலகைகளுக்கிடையே சுழலும் காற்றைக் குளிர்நீரால் ஆற்றும் கலப்பு முறையைக் கைக்கொண்டது.

அடுத்து வந்தவர் செய்மோர் கிரே. 1976-ல் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தை அடைந்த கிரே-1 சுமார் 115 கிலோவாட் உண்ணும் கணினி. சுற்றிலும் மெத்தையிட்ட இருக்கை அமைந்த அதன் தோற்றத்தை உலகிலேயே விலையுயர்ந்த சோபா என்று கேலி செய்வர். குளிர்பதனப்பெட்டியில் ஓடும் ஃப்ரியான் திரவமே அதன் பலகைகளினூடே குழாய்களில் ஓடியது. அதன் முதல் இயந்திரம் சுமார் ஆறு மாதம் தாமதமானதற்குக் காரணம் கணிதமும் அன்று, மென்பொருளும் அன்று, கசிவு. கம்ப்ரசருக்காக ஃப்ரியானோடு கலந்திருந்த மசகெண்ணெய் இணைப்புகளின் வழியே கசிந்து, பலகைகளில் மெல்லப் படிந்து, முடிவில் மின்குறுக்கை உண்டாக்கியது. குழாய்களைப் பற்றவைக்கும் முறையையே மாற்றித்தான் கிரே குழுவினர் அதை வென்றனர். உலகின் அதிவேகக் கணினியைக் கட்டியவர்களும் குழாய்ப் பொருத்தின்முன் முழந்தாளிட்டனர் என்பதைப் படித்தபோது நமக்குக் கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது.

ஐ.பி.எம். வேறு வழியில் சென்றது. 1980 நவம்பரில் அறிவிக்கப்பட்ட அதன் 3081 கணினியில், உள்ளங்கையளவு பீங்கான் தட்டொன்றில் நூற்றுக்கு மேற்பட்ட சில்லுகள் அமர்ந்திருந்தன. ஒவ்வொரு சில்லின் முதுகிலும் வில்சுருள் அழுத்தும் சிறிய உலோக உருளை ஒன்று. இடைவெளியில் ஹீலியம் வாயு. அதற்கு மேலே நீர் ஓடும் தகடு. நீர் சில்லைத் தொடவே இல்லை. வெப்பம் மட்டும் கைமாறிக் கைமாறி நீரை அடைந்தது. இன்று வீட்டுக் கணினியில் செயலிக்கும் செப்புக் கட்டைக்கும் இடையே நாம் தடவும் தெர்மல் பேஸ்ட் செய்வதும் இதே தூதுவேலைதான். கிரேயோ 1985-ல் தம் கிரே-2 கணினியின் பலகைகளை ஃப்ளூரினெர்ட் என்னும் மின்கடத்தாத் திரவத்துள் அப்படியே மூழ்கடித்துவிட்டார். அத்திரவத்தை உருவாக்கிய 3எம் நிறுவனம், சுற்றுச்சூழலில் சிதையாது தங்கும் அவ்வகைச் சேர்மங்களின் உற்பத்தியிலிருந்தே 2025 இறுதிக்குள் விலகுவதாக 2022-ல் அறிவித்தது.

1990-களின் நடுவில் பெருங்கணினிகள் நீரைக் கைவிட்டன. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சிமாஸ் சில்லுகள் வந்ததும் ஐ.பி.எம். மீண்டும் காற்றுக்குத் திரும்பியது. பெரிய கூடங்களிலிருந்து நீர் வெளியேறிய அதே காலத்தில்தான் அது வீட்டுக்குள் நுழைந்தது. வரலாற்றில் இத்தகைய கைமாற்றங்கள் அரிதல்ல எனினும், இது அரண்மனை விட்ட கலை தெருவுக்கு வந்த கதையன்று. அந்தப் பொறியாளர்களுக்கும் இந்த இளைஞர்களுக்கும் தொடர்பே இல்லை. இவர்கள் தாமாகவே தொடங்கினர்.

தூண்டுதல் ஒரு மலிவான சில்லு. 1998-ல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ, 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை நாலரை மடங்காக்கி 300-ல் ஓடுவது. அத்துடிப்பை 100 ஆக உயர்த்தினால் அது 450-ல் ஓடும் என்றும், பெரும்பாலான சில்லுகள் அதைத் தாங்கும் என்றும் கண்டறியப்பட்டபோது, மாணவர்களிடையே ஒரு வேட்கை பற்றிக்கொண்டது. கொடுத்த காசுக்கு மேல் வேகம். வேகத்தின் விலை வெப்பம். வெப்பத்தை ஆற்ற விசிறி வைத்தால் அறை முழுதும் இரைச்சல். நீரை வைத்தால் என்ன?

அவர்களுக்கென்று அப்போது சந்தை ஏதும் இல்லை. எனவே பிற தொழில்களிடமிருந்து எடுத்துக்கொண்டனர். மீன்தொட்டிக்கான ஜெர்மானிய ஐஹைம் பம்பு. தச்சுக் கொட்டகையில் கடைந்தெடுத்த செப்புக் கட்டை. ரேடியேட்டருக்கோ, குளிர்நாட்டுக் கார்களில் பயணிகளுக்கு வெப்பக்காற்று தரும் சிறிய வெப்பமாற்றி. 1977-ஆம் ஆண்டு பாண்டியாக் பொன்னவில் காரின் அந்த உறுப்பு அமெரிக்க ஆர்வலரிடையே புகழ்பெற்றுவிட்டது. பழைய இரும்புக்கடையில் அதைத் தேடிப் பிடித்து, காதைப் பற்றவைத்து, கறுப்புச் சாயம் பூசிக் கணினிப் பெட்டியில் பொருத்தினர். 2000-க்குப் பிறகே டேஞ்சர் டென், கூலன்ஸ், ஸ்விஃப்டெக், ஜெர்மனியின் இன்னோவாடெக் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே உறுப்புகள் செய்து விற்கலாயின.

பெரிய நிறுவனங்களும் வந்தன. 2002-ல் ஹிட்டாச்சி நீரால் குளிரும் மடிக்கணினியை ஜப்பானில் காட்டியது. 2004-ல் இன்டெலின் பென்டியம் 4 நூறு வாட்டைத் தாண்டிச் சென்று, 4 கிகாஹெர்ட்ஸ் என்னும் இலக்கை அவ்வாண்டு அக்டோபரில் கைவிட்டது. அதே ஆண்டு ஜூனில் ஆப்பிள் தன் பவர் மேக் ஜி5-இன் வேகமிக்க மாதிரியைத் திரவக் குளிர்வோடு வெளியிட்டது. பார்க்க அழகிய பெட்டி. சில ஆண்டுகளில் அவற்றுள் பல கசிந்து உள்ளுறுப்புகளை அரித்தன. மறு ஆண்டே ஆப்பிள் இன்டெல் சில்லுகளுக்கு மாறுவதாக அறிவித்தது.

வீட்டு நீர்க்குளிர்வின் எதிரிகள் யார் என்று கேட்டால் கசிவு என்றே எவரும் சொல்வர். நம் கருத்தில் கசிவு விளைவு மட்டுமே. எதிரிகள் இருவர்: அரிப்பு, உயிர். இவ்விருவரையும் மனிதன் கணினிக்கு இருநூறாண்டு முன்பே சந்தித்துவிட்டான் என்பதுதான் இத்தேடலில் நம்மை வியக்கவைத்த செய்தி.

1761-ல் பிரிட்டிஷ் கடற்படை 'அலாரம்' என்னும் போர்க்கப்பலின் அடிப்புறத்தைச் செப்புத்தகடுகளால் மூடியது. மரத்தைத் துளைக்கும் புழுவையும், அடியில் ஒட்டி வேகத்தைக் குறைக்கும் பாசியையும் கொட்டலசையும் தடுப்பது நோக்கம். மேற்கிந்தியத் தீவுகளின் வெதுநீரில் ஓடித் திரும்பிய கப்பலை 1763-ல் ஆராய்ந்தபோது, மரம் பிழைத்திருந்தது. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பாணிகள் கரைந்து போயிருந்தன. தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் தற்செயலாக இடையில் எஞ்சியிருந்த இடங்களில் மட்டும் ஆணி கெடவில்லை. இரு வேறு உலோகங்கள் ஒரே நீரில் நின்று ஒன்றையொன்று தொட்டால், அவற்றுள் எளிதில் கரைவது கரையும். கால்வானியின் தவளைக்கால் ஆய்வு நூலாக வெளிவந்தது 1791-ல். வோல்ட்டாவின் மின்னடுக்கு 1800-ல். காரணத்தை அறியும் முன்பே கடல் விளைவைக் காட்டிவிட்டது.

1824-ல் ஹம்ஃப்ரி டேவி இதற்கு ஒரு மாற்றுக் கண்டார். செம்பும் கடல்நீரில் மெல்லக் கரைகிறதே, அதைக் காக்க இரும்போ துத்தநாகமோ சிறு துண்டாகச் சேர்த்துவிட்டால் அது கரையும், செம்பு பிழைக்கும் என்றார். சொன்னபடியே செம்பு பிழைத்தது. ஆனால் பாசியும் கொட்டலசும் அடியில் மொய்த்துக்கொண்டன. செம்பின் கரைசல்தான் அவற்றைக் கொன்றுகொண்டிருந்தது! கரையாத செம்பு காவல் காக்காத செம்பு. கடற்படை அந்தத் திட்டத்தைக் கைவிட நேர்ந்தது.

வீட்டுக் கணினியின் குழாயில் நடப்பது இதே நாடகத்தின் சிற்றரங்கப் பதிப்பு. செப்புக் கட்டையோடு மலிவான அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்தால், அலுமினியம் இரும்பாணியின் இடத்தில் நிற்கிறது. நீரில் கரைந்து வரும் செம்பு அலுமினியத்தின்மேல் படிந்து குழி பறிக்கிறது. அலுமினியமோ வெண்கூழாக மாறி, செப்புக் கட்டைக்குள்ளே மயிரிழை இடைவெளிகளில் சென்று அடைகிறது. பாசிக்கோ வெளிச்சமும் வெதுவெதுப்பும் ஒரு துளி அழுக்கும் போதும். அதற்காக ஆர்வலர் செம்பின் உப்பைச் சில சொட்டுக் கலந்தனர். சிலர் வெள்ளிக் கம்பிச்சுருளைப் போட்டனர். காருக்கான பச்சைக் கூலண்டைக் கலந்தால் அரிப்பும் குறையும், பாசியும் குறையும். நீரின் வெப்பம் சுமக்கும் ஆற்றலும் சற்றுக் குறையும். நெகிழ்வான பிளாஸ்டிக் குழாயிலிருந்து மெல்லக் கசிந்துவரும் மென்மையூட்டியைப் பாசியென்று மயங்கி மருந்திட்டவர் பலர். குழாயின் சுவர் வழியாகவே நீராவி மிக மெதுவாக வெளியேறும் என்பதால், எங்கும் ஒழுகாமலேயே தொட்டியின் மட்டம் இறங்கும்.

இவ்வளவு தொல்லையும் வேண்டாமென்று எண்ணியோர்க்காக டென்மார்க்கின் அசடெக் நிறுவனம் பம்பையும் செப்புக் கட்டையையும் ஒன்றாக்கி, நிரப்பி மூடி முத்திரையிட்ட வடிவைச் செம்மைப்படுத்தியது. 2009-ல் கோர்செயர் விற்ற எச்50 அதைப் பரவலாக்கியது. நீர் மாற்ற வேண்டாம்; மாற்றவும் வழியில்லை. மூடியதால் மட்டும் வேதியியல் ஓய்வெடுத்துக்கொள்வதில்லை. 2022-ல் ஆர்க்டிக் என்னும் ஜெர்மானிய நிறுவனம் தன் மூடிய குளிர்விப்பான்கள் சிலவற்றில் ரப்பர் முத்திரை செப்புத்தகட்டோடு வினைபுரிந்து கசியக்கூடும் என்று தானே அறிவித்து, பழுதுநீக்கும் பொருட்களை இலவசமாக அனுப்பியது. பெருங்கூடங்களுக்கும் நீர் திரும்பி வந்துவிட்டது. 2012-ல் மியூனிக்கை அடுத்த கார்ச்சிங்கில் நிறுவப்பட்ட சூப்பர்மக் கணினி வெந்நீரையே குளிர்நீராகக் கொண்டு, அவ்வெப்பத்தால் கட்டடத்தையும் சூடாக்கியது.

நம் பெட்டிக்கு வருவோம். தொலைபேசியில் தமக்கை மகன் கேட்ட முதற்கேள்வி, "மாமா, பிளக்கப் பிடுங்கிட்டீங்களா? ஸ்விட்ச ஆஃப் பண்ணுனாப் பத்தாது" என்பது. அணைத்த பின்னும் எஸ்.எம்.பி.எஸ். ஐந்து வோல்ட்டைப் பலகைக்கு ஊட்டிக்கொண்டிருக்குமாம். பிடுங்கினோம். ஹார்ட் டிஸ்கைக் கழற்றச் சொன்னான். ரேடியேட்டரின் மூலைக்கு நேர் கீழே இருந்தது அது. அதன் மின்னிணைப்பின் ஓரத்தில் உப்புப் பூத்ததுபோல் வெண்பொருக்கு. அதைத் துணியில் வைத்து அலமாரியில் ஏற்றிவிட்டு, மற்றதைப் பார்த்தோம்.

அவன் கற்பித்த நோய்நாடல் முறை நம் சித்த மருத்துவரின் நாடி பார்த்தலை ஒத்தது. மூச்சுவிடும் நேரத்துக்குள் சூடு தொண்ணூறைத் தொட்டால், கட்டை செயலியோடு சரியாக அமரவில்லை. அரைமணி நேரம் மெல்ல மெல்ல ஏறினால் ரேடியேட்டரிலோ விசிறியிலோ தூசு. இடைப்பட்டதாயின் ஓட்டத்தில் கோளாறு. நாம் இயக்கிய அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தில் குழாய்களைத் தொட்டிருந்தோம்; செயலியிலிருந்து வெளிவரும் குழாய் சுட்டது, உள்ளே போகும் குழாய் தண்ணென்றிருந்தது. இதைச் சொன்னதும் மறுமுனையில் சிரித்தான். ஏனென்று பிறகு கணக்கிட்டுப் பார்த்தோம். நிமிடத்துக்கு நான்கு லிட்டர் ஓடினால், நூறு வாட் வெப்பம் அந்நீரை அரை டிகிரிகூட உயர்த்தாது. இரு குழாய்களும் கைக்கு ஒன்றுபோலவே இருக்க வேண்டும். ஒன்று சுடுகிறதென்றால் நீர் ஓடவில்லை, ஊர்கிறது.

செப்புக் கட்டையைப் பிரித்தோம். இழைகளிடையே நீலம் பாய்ந்த வெண்கூழ். ரேடியேட்டரின் கறுப்புச் சாயத்தைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. 'முழுதும் செம்பு' என்று எழுதி விற்ற கடையின் பெயர் இங்கே வேண்டாம். மூலையில் ஊசிமுனைத் துளை. அலாரம் கப்பலின் ஆணி நம் மேசையடியில் கரைந்திருக்கிறது.

கட்டை வெறுஞ்செம்பு, நிக்கல் பூசாதது. ஆகவே ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டு, புளிக்கரைசலில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தோம். வீட்டில் குத்துவிளக்குத் துலக்கும் முறைதான். கூழும் கரைந்தது, களிம்பும் போயிற்று. செம்பும் பித்தளையும் கொண்ட ரேடியேட்டர் வேறு வாங்கி, குழாய்களையும் புதிதாக மாற்றினோம். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றியிருந்தால் ஆறு மாதத்தில் சுண்ணாம்பு கட்டியிருக்கும். வடித்த நீரே வேண்டும். சிறிது கூலண்டும் கலந்தோம்.

பிறகு ஒரு நாள் முழுதும் சோதனை. எஸ்.எம்.பி.எஸ். இணைப்பில் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு சிறு கம்பித்துண்டால் இணைத்தால், தாய்ப்பலகைக்கு மின்சாரம் தராமல் பம்பை மட்டும் ஓடவிடலாம். ஒவ்வொரு பொருத்தின் கீழும் மெல்லிய தாளைச் சுற்றி வைத்தோம். ஈரம் பட்டால் தாள் காட்டிக்கொடுக்கும். பெட்டியைச் சாய்த்துச் சாய்த்துக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினோம். இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை, நான்குக்கு ஒருமுறை எழுந்து விளக்கடித்துப் பார்த்தோம். வீட்டினர் இதை எப்படிப் பார்த்தனர் என்பது தனிக்கட்டுரை. தாள்கள் காய்ந்தே இருந்தன.

ஹார்ட் டிஸ்கின் பொருக்கை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, இரண்டு நாள் உலரவைத்துக் கல்லூரிக் கணினியில் பூட்டினோம். முதல்முறை அசையவில்லை. இணைப்பை மறுபடி துடைத்துச் செருகியபோது சுழன்றது. உடனே நகலெடுக்கத் தொடங்கி, மாலை வகுப்பு முடிந்து வந்து பார்க்கையில் முடிந்திருந்தது. கணினி முதன்முறை அணைந்த வேளையில் எழுதிக்கொண்டிருந்த கடைசி இதழின் 58 பக்கங்கள் மட்டும் திறக்கவில்லை. பெயர் இருக்கிறது, அளவு சுழியம். நகல்கள் இப்போது மூன்று இடங்களில் உள்ளன. அந்த 58 வெற்றுக் கோப்புகளையும் அழிக்காமல் அவற்றோடு சேர்த்தே வைத்திருக்கிறோம்.